மேலுதட்டின் இடப்புறம்

“எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். மூக்கு அவ மூக்குதான், கண்ணு அவ கண்ணுதான். ஆனா இவ எங்க பாப்பா இல்லையே” என்று அந்தத் தாய், சித்திரத்துக்கு மூன்றடி தள்ளி நின்றபடி, குற்றம் சொல்லும் தொனி சிறிதுமில்லாமல், தவறு ஏதோ தம்மிடமே இருப்பதுபோன்ற தயக்கத்தோடு சொன்னபோது, நாற்பது நாட்களாக அந்த இரண்டு குழந்தைகளின் முகங்களோடு மட்டுமே உறவாடிக்கொண்டிருந்த எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. முப்பது வருஷங்களாக உருவப்படம் எழுதி ஜீவிக்கிறவன் நான். படம் நன்றாக இல்லை என்பவரிடம் எந்த இடம் என்று கேட்கலாம், கேட்டுத் திருத்தலாம். அவயவங்கள் ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு ஆளை மட்டும் இல்லை என்பவரிடம் என்னவென்று கேட்பது?

படம் வேண்டுமென்று கேட்டவர் அந்த அம்மாளின் கணவர். மஸ்கட்டில் வேலை. இரண்டு வருஷங்களுக்கு முன் விடுமுறைக்கு வந்துபோனபின் ஊர்ப்பக்கம் வர வாய்க்கவில்லை. “நான் கெளம்பின அன்னிக்குப் பசங்க எப்படி இருந்தாங்களோ, அப்படியே வேணும் சார்” என்று தொலைபேசியில் சொன்னார். அப்போது பெண்ணுக்கு வயது ஏழு, பையனுக்கு நான்கு. இப்போது அவர்கள் ஒன்பதும் ஆறும். குழந்தைகள் இதே கும்பகோணத்தில், என் பட்டறையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் வளர்கிறார்கள் என்றாலும், அவர்களை அழைத்து எதிரில் உட்காரவைத்து எழுதுவதால் பயனில்லை. ஏனெனில் அவர் கேட்ட ஏழு வயதுப் பெண்ணும் நான்கு வயதுப் பையனும் இப்போது இந்த உலகத்தில் எங்குமே இல்லை. அவர்கள் இருப்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய பதினான்கு புகைப்படங்களில். மற்றபடி, அவர்களோடு அந்த நாட்களைக் கழித்தவர்களின் ஸ்மரணையில்.

இதை யோசிக்கும்போதெல்லாம், நக்னஜித்தின் பெயரால் வழங்குவதும் திபெத்திய மொழிபெயர்ப்பில் மட்டுமே நமக்கு எஞ்சியிருப்பதுமான ‘சித்திரலக்ஷணம்’ என்ற நூலின் தொடக்கக் கதை நினைவுக்கு வருகிறது. அகாலத்தில் மகனைப் பறிகொடுத்த பிராமணன் ஒருவன் அரசனிடம் வந்து முறையிடுகிறான். அரசன் யமனோடு போரிடுகிறான். இடையில் தோன்றிய பிரம்மா, அந்தச் சிறுவனின் உருவத்தை அப்படியே எழுதும்படி அரசனைப் பணித்து, எழுதிய சித்திரத்துக்கு உயிர் கொடுக்கிறார். உலகின் முதல் சித்திரம் அதுவே என்கிறது அந்நூல். இந்த மண்ணின் சித்திரக்கலை தன் பிறப்பைச் சொல்லிக்கொள்ளும்போது, ஒரு தேவனையோ அரசனையோ அழகியையோ எழுதியதாகச் சொல்லிக்கொள்ளாமல், கண்முன்னே இல்லாத ஒரு குழந்தையை அதன் தகப்பனுக்காக எழுதியதாகச் சொல்லிக்கொண்டிருப்பது, இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு எப்போதும் மெய்சிலிர்க்கும் சங்கதி. உயிரோடும் சௌக்கியத்தோடும் இருக்கிற குழந்தைகளுக்குக்கூட இந்தக் கதை பொருந்தும். எந்தக் குழந்தையும் ஒவ்வொரு வருஷமும் தன் பழைய உருவத்தை விட்டுவிட்டுப் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

பதினான்கு புகைப்படங்கள் என்றேன். அவற்றில் பெண் ஒன்பதில் இருக்கிறாள், பையன் ஏழில்; இருவரும் சேர்ந்தவை இரண்டே இரண்டு, அவற்றிலும் ஒன்றில் பையன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறான். பெண்ணை எடுத்தவை வீட்டுக்குள், ஜன்னலோரத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில். பையனை எடுத்தவை மகாமகக் குளத்துப் படிக்கட்டில், உச்சி வெயிலில், புருவத்தின் நிழல் கண்களை மூடி மறைத்த நிலையில். ஒரே படத்தில் இருவரையும் அருகருகே நிறுத்த வேண்டுமானால், இரண்டு சூரியன்களில் ஒன்றை அணைத்தாக வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தையே நான் தேர்ந்தெடுத்தேன். அந்த வெளிச்சம் விழுந்தால் பையனின் கன்னத்தில் நிழல் எப்படித் திரும்பும் என்பதை எந்தப் புகைப்படமும் எனக்குச் சொல்லவில்லை. என் அக்காள் பேரனை அதேபோன்றதொரு ஜன்னலோரத்தில் உட்காரவைத்துப் பார்த்துத்தான் அதை அறிந்தேன். பிள்ளைகளை எதிரிலேயே நிறுத்தி எழுதியவர்களுக்கும் வெளிச்சம் எளிதில் வசப்பட்டுவிடவில்லை. காகித விளக்குகளை ஏற்றும் இரண்டு சிறுமியரை இங்கிலாந்தின் பிராட்வே கிராமத்துத் தோட்டமொன்றில் 1885இல் எழுதத் தொடங்கிய ஸார்ஜன்ட், தமக்கு வேண்டிய அந்தி வெளிச்சம் நாளொன்றுக்குச் சில நிமிஷங்களே நீடித்தமையால், 1886 அக்டோபர் வரைக்கும் அந்த ஒரே படத்தோடு போராடினார். ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை வைத்துத் தொடங்கி, பிறகு பதினொன்றும் ஏழும் ஆன சகோதரிகளை நிறுத்தினார். பூக்கள் வாடியபின் செயற்கைப் பூக்களைச் செடியில் கட்டினார்.

கைப்பேசிப் படத்துக்கு இன்னும் சில குணங்கள் உண்டு. பெரியவர்கள் நின்றபடியே குனிந்து எடுப்பதால் நெற்றி பருத்து, மோவாய் சுருங்கி, கால்கள் குட்டையாகிவிடுகின்றன. ஆசையினால் அருகில் போய் எடுப்பதால் மூக்கு முன்னே வந்து காதுகள் பின்வாங்கிவிடுகின்றன. அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதனால், நிழலுக்குள் இருந்த நுட்பமெல்லாம் ஒரே கருமையாகக் குழம்பிவிடுகிறது. உதட்டோரத்தில் தெரிவது நிழலா, மச்சமா, படத்தின் பழுதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆகவே புகைப்படத்தை அப்படியே பெயர்த்தெழுதுவது ஒருபோதும் குழந்தையை எழுதுவதாகாது. திருத்தித்தான் ஆக வேண்டும். இந்தத் திருத்தம் என்ற காரியத்திலேதான் என் தொழிலின் நன்மையும் ஆபத்தும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

குழந்தையின் உருவத்தில் கைக்குப் பழகிய பெரியவர் கணக்கெல்லாம் பொய்த்துப்போகும். பிறந்த சிசுவின் தலை உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. வளர்ந்த மனிதனுக்கோ ஏழில், எட்டில் ஒரு பங்குதான். நம் சிற்பிகள் இதை நன்றாக அறிந்தவர்கள். முகத்தின் நீளத்தையே தாலம் என்ற அலகாகக் கொண்டு, பெருந்தெய்வங்களைப் பத்துத் தாலத்தில் அமைத்தவர்கள், பாலகிருஷ்ணனை ஐந்து தாலத்தில் அமைத்தார்கள். முகத்துக்குள்ளேயும் இதே விதிதான்: பெரியவர்களின் கண்கள் தலையின் நட்டநடுவில் இருக்க, குழந்தையின் கண்கள் நடுவுக்குக் கீழே இறங்கியிருக்கின்றன. வயது ஏற ஏற முகம் கீழ்நோக்கி நீள்கிறது. கண்விழி மட்டும் ஆரம்ப வருஷங்களிலேயே ஏறக்குறைய தன் அளவை எட்டிவிடுவதால், சிறிய முகத்தில் அது அத்தனை பெரிதாகத் தெரிகிறது. எட்டு யவம் கொண்டது ஓர் அங்குலம் என்று சிற்ப நூல்கள் கணக்கிடுகின்றன. என் அனுபவத்தில், குழந்தையின் மோவாயை ஒரு யவம் கீழே இறக்கினால் இரண்டு வயது கூடிவிடும். முதல் வாரத்தில் நான் எழுதிய பெண் பத்து வயதுக்காரியாக என்னைப் பார்த்தாள். மோவாயை ஏற்றினேன்; மூக்குத்தண்டைச் சற்றுத் தாழ்த்தினேன்; புருவத்தின் கருமையை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தபோது அவளுக்கு ஏழு வயது ஆகியிருந்தது.

நிறத்தைப்பற்றியும் சொல்லியாக வேண்டும். “பாப்பாவைக் கொஞ்சம் கலரா எழுதுங்க சார்” என்று அந்தத் தகப்பனார் கேட்டார். இதைக் கேட்காத வாடிக்கையாளர் எனக்கு அபூர்வம். அவர் தம் மகளை நேசிக்கிறவர். அந்த வேண்டுகோளில் நேசத்தைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் நோகிறது. தன் வீட்டுச் சுவரில் தன்னைவிட வெளுத்த ஒருத்தி தன் பெயரோடு தொங்குவதைத் தினமும் பார்த்து வளரும் பெண்ணின் நெஞ்சில் அந்தச் சித்திரம் என்ன எழுதும் என்பதை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன், காரணத்தையும் சொன்னேன். தொழில் ரீதியாகவும் அது தவறு. மாநிறத்தில் வெள்ளையைக் கலந்தால் அது வெளுப்பதில்லை, சாம்பல் பூத்துப்போகிறது; சுண்ணாம்பு தடவிய சுவர்போல உயிரற்றுப்போகிறது. யெல்லோ ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த தேன் நிறத்தில், வெளிச்சம் நேரே விழும் நெற்றிமேட்டிலும் மூக்கு நுனியிலும் மட்டும் ஆகாயத்தின் நீலச் சாயை இலேசாகப் படிய வேண்டும். அது படிந்தவுடன் தோல் மினுங்குகிறதே, அந்த லாவண்யம் வெள்ளைத் தோலில் வராது. ஜன்னலுக்கு அப்பால் நிற்கும் குழந்தையின் காதுமடலில் வெளிச்சம் ஊடுருவி, அது மாதுளை முத்துப்போலச் சிவக்கும். பையனின் காதை அப்படி எழுதிய அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

முப்பத்தைந்தாம் நாள் படத்தைக் கைப்பேசியில் எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பினேன். “அச்சு அசல் சார்” என்று உடனே பதில் வந்தது. ஐந்து நாட்கள் கழித்து அந்த அம்மாள் நேரில் வந்து பார்த்துச் சொன்னதைத்தான் தொடக்கத்திலேயே எழுதினேன்.

இருவரும் பொய் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த ‘மானஸோல்லாஸம்’, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒருவரைத் தத்ரூபமாக எழுதுவதற்கு வித்த சித்திரம் என்று பெயர் சொல்கிறது. என் படம் வித்த சித்திரம்தான். அந்தத் தகப்பனார் இரண்டு வருஷங்களாக ராத்திரிதோறும் பார்த்துக்கொண்டிருந்த புகைப்படங்களுக்கு அது பிம்பமாயிருந்தது. அவரிடம் இருந்தவை அவைதாம். அவ்வளவு தொலைவில் இருப்பவனுக்குக் குழந்தையின் முகத்தை அனுப்புவது புதிய காரியமுமல்ல. ஸ்பெயின் தேசத்து இளவரசி மார்கரீத்தாவை அவளுடைய மூன்றாம் வயதில் ரோஜா நிற உடையிலும், ஐந்தாம் வயதில் வெண்ணிற உடையிலும், எட்டாம் வயதில் நீல நிற உடையிலுமாக வேலாஸ்கஸ் எழுதிய சித்திரங்கள் வியன்னா அரண்மனைக்கு அனுப்பப்பட்டு, இன்றும் அந்த நகரத்திலேயே இருக்கின்றன. அவளை மணக்கவிருந்த லியோபோல்ட், அவளுடைய தாய்மாமனும்கூட. அவள் வளர்வதை அந்தச் சித்திரங்களின் வழியாகத்தான் கண்டான். அட்டவணைபோல வந்துகொண்டிருந்த அந்த முகங்களைப் பார்த்து, இது அவள்தானா என்று வியன்னாவில் யாரால் கேட்டிருக்க முடியும்? மாட்ரிட் அரண்மனையில் அவளைக் குளிப்பாட்டித் தலைவாரிய தாதிதான் கேட்டிருக்க முடியும். என் பட்டறையில் வந்து நின்ற தாயும் தலைவாரியவர்.

மறுநாள் முதல் நான் திருத்தத் தொடங்கினேன். ஓவியர்கள் கையாளும் உபாயங்கள் எல்லாவற்றையும் கையாண்டேன். கண்ணாடியில் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். தலைகீழாக வைத்துப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். இரண்டு நாள் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டுத் திடீரென்று திருப்பிப் பார்த்தேன். அளவில் பிசகு இல்லை; நிறத்திலும் இல்லை. இன்னும் நேர்த்தி போதவில்லை போலும் என்று நினைத்து, கன்னத்தை மேலும் இழைத்தேன், இமைமயிரைத் தனித்தனியாகப் பிரித்தேன், உதட்டுக்கு ஈரம் கொடுத்தேன். நேர்த்தி கூடக்கூட அவள் தூரமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அந்த அம்மாள் தம் மாமியாரை அழைத்துவந்தார். எழுபது வயது கடந்த அந்த மூதாட்டி, படத்துக்கு முன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. “எந்த மாசத்து போட்டோ தம்பி இது?” என்றார். மகன் புறப்படுவதற்கு முந்தின பத்து நாட்களில் எடுத்தவை என்றேன்.

“அப்பன்னா பல்லு ஆடிக்கிட்டிருந்த சமயம்ல? மேல் பல்லு. சதா நாக்கால அதையே தள்ளிக்கிட்டிருப்பா. கையை வைக்காதடீன்னு சொன்னா நாக்கை வைப்பா. அப்பா ஊருக்குப் போன மக்யா நாளுதான் விழுந்துச்சு. சாணியில வச்சுக் கூரை மேல எறிஞ்சோம்.”

நான் எழுந்துபோய், பரண்மேல் சுருட்டிவைத்திருந்த கரிச்சித்திரத்தைக் கொண்டுவந்து பிரித்தேன். கித்தானில் வண்ணம் வைப்பதற்கு முன், அதே அளவில் காகிதத்தில் கரியால் எழுதிப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். அந்தக் காகிதத்தில், பெண்ணின் மேலுதட்டில் இடப்புறம், மூக்கின் கீழ்ப் பள்ளத்திலிருந்து உதட்டோரத்துக்குப் போகும் வழியில், ஒரு கடுகளவு உப்பியிருந்தது. கை கண்டதைக் கை எழுதியிருக்கிறது. புகைப்படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன்: நான்கில் அந்த வீக்கம் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு சமர்த்தாகச் சிரி என்று யாரோ சொல்லியிருக்க, சொன்னபடி வாயை மூடிக்கொண்டு சிரித்த அந்தக் குழந்தை, மூடிய உதட்டுக்குள்ளே தன் ரகசிய வேலையை நிறுத்தாமல் நடத்திக்கொண்டிருந்தாள். கித்தானுக்கு மாற்றும்போது நான் அதை நிழலின் கோளாறு என்றும் படத்தின் பழுதென்றும் முடிவுசெய்து, வலப்புறத்து உதட்டுக்குச் சமமாக இடப்புறத்தைச் சீர்படுத்தியிருந்தேன். முகத்தின் இருபுறமும் ஒத்திருப்பதே அழகு என்று கற்ற கை செய்த வேலை அது. நான் அழித்தது உதட்டின் ஒரு கோணலை என்று நினைத்திருந்தேன். அப்பா ஊருக்குப் போகப்போகிறார் என்பதைவிடப் பெரிதாக அந்தப் பத்து நாட்களில் அவளை ஆட்கொண்டிருந்த விஷயத்தையே அழித்திருக்கிறேன்.

அன்று மாலை அவர்கள் போனபின், காயாத மேற்பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, டர்ப்பன்டைனில் தோய்த்த துணியால் வாயைச் சுற்றித் துடைத்து, அடியில் உலர்ந்திருந்த பழுப்பு வண்ணம்வரைக்கும் இறங்கினேன். திரும்பக் கட்டியது சொற்பந்தான்: உப்பலின் மேல்விளிம்பில் ஒரு மங்கல் வெளிச்சம், கீழே சற்று ஆழ்ந்த ஒரு சிவப்பு, வாயோரம் மயிரிழையளவு உள்ளே இழுபட்ட கோடு. ஆனால் முகம் என்பது ஒன்றோடொன்று பிணைந்த வஸ்து. நாக்குப் பல்லைத் தள்ளும்போது அந்தப் பக்கத்துக் கன்னம் இறுகுகிறது. கண்கள் எதிரில் இருப்பதைப் பார்த்தாலும் கவனம் உள்ளே இருப்பதால் இமைகள் ஓர் அணு தாழ்கின்றன. நான் பிரித்துப் பிரித்து எழுதிய இமைமயிர்களையெல்லாம் மழுக்கினேன். நாற்பது நாள் வேலையில் பத்து நாள் வேலையை அழிக்க நேர்ந்ததைப்பற்றி எனக்குத் துளியும் வருத்தம் உண்டாகவில்லை.

பையனிடத்தில் நான் வேறொரு பாடத்தைக் கற்றேன் என்றாலும் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவன் இருந்த எல்லாப் புகைப்படங்களிலும் அவனது வலக்கை மங்கலாகவே விழுந்திருந்தது. காமிராவின் கண்ணைவிட வேகமாக அது எங்கோ போய்க்கொண்டிருந்தது. அந்தக் கையை நான் விரல் விரலாகக் கற்பித்து எழுதியிருந்தேன், நகங்கள்கூட வைத்திருந்தேன். உதட்டைத் திருத்தியபின் அந்தக் கையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பட்டாம்பூச்சியைத் துரத்தும் தம் இரண்டு சிறு பெண்களை 1756ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய கெயின்ஸ்பரோ, அந்தச் சித்திரத்தை முடிக்காமலே விட்டுவிட்டார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் அது இருக்கிறது. முகங்கள் துலங்க, உடைகளின் பெரும்பகுதி விசிறிய தூரிகையடிகளாகவே நிற்கின்றன. ஏன் விட்டார் என்ற காரணத்தை ஆராயப் புகுவதைவிட, அந்தப் பெண்கள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதே எனக்குப் போதும். பையனின் கையைத் துடைத்துவிட்டு, அகலத் தூரிகையால் நான்கே அடிகளில் விட்டேன். “கை முடியலையே சார்” என்று மஸ்கட்டிலிருந்து கேட்டார். அவன் கை அன்றைக்கும் முடியவில்லை, ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னேன். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “ஆமா சார், ஏர்போர்ட்லகூட என் சட்டைப் பாக்கெட்டைத்தான் நோண்டிக்கிட்டிருந்தான்” என்றார். அதன்பின் அதைப்பற்றி அவர் பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்த அம்மாள் தனியாக வந்தார். தாங்கியில் இருந்த படத்தின்மேல் மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு நான் ஜன்னலோரமாக விலகி நின்றேன். படத்தைப் பார்ப்பதைவிட, பார்க்கிறவர் முகத்தைப் பார்ப்பது எனக்கு வழக்கம். இந்தமுறை அவர் சரி என்றும் சொல்லவில்லை, சரியில்லை என்றும் சொல்லவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றுகொண்டிருந்தார். மூடியிருந்த அவருடைய உதடுகளுக்குள் நாக்கு மெல்ல நகர்ந்து, மேலுதட்டின் இடப்புறம் ஒருகணம் உப்பி அடங்கியது. அது அவருக்கே தெரிந்திருக்காது.

“எப்ப சார் எடுத்துக்கிட்டுப் போகலாம்?” என்றார்.

எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர இன்னும் மூன்று வாரமாவது ஆகும் என்றும், வார்னிஷ் பூச ஆறு மாதம் பொறுத்து மறுபடி வர வேண்டும் என்றும், அதுவரை வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். தலையசைத்துவிட்டு, போகும்போது இன்னொருமுறை திரும்பிப் பார்த்தார்.